கிராம்புக் கணக்கும் பாண்டாஸ் கையேடும்

பாரிமுனையில், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில், ஒரு மசாலாச் சரக்கு மொத்தக் கடையின் மாடியில் உட்கார்ந்து 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கீழே மிளகு, சீரகம், மஞ்சள், ஏலக்காய், கிராம்பு என்று மூட்டைகள். மேலே நான், ஒரு கம்ப்யூட்டர், மல்லித் தூசி ஏறி அடிக்கடி முனகும் ஒரு மின்விசிறி. படித்தது பி.காம். டேலியும் எக்செல்லும்தான் என் உலகம். ஆகவே, இது கம்ப்யூட்டர் படித்தவர் எழுதும் விமர்சனம் இல்லை. நாலு வருஷம் முன்பு பைத்தான் என்கிற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், அதுவும் கோபத்தில்.

கோபம் ஜிஎஸ்டிஆர்-2பி என்கிற ஜிஎஸ்டி பட்டியல் மேல். மாதாமாதம் 14-ஆம் தேதி அது வந்து நிற்கும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் அரசிடம் காட்டிய பில்களும் நம் கொள்முதல் புத்தகத்தில் இருக்கும் பில்களும் ஒன்றுதானா என்று பார்த்து, 20-ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். ஒத்துப்போகாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. நடுவில் இருப்பது ஆறு நாள். ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடும் எக்செல் சூத்திரமான வீலுக்கப்பைப் போட்டுப் போட்டுக் கண் பூத்துப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த என் அக்கா மகன், பெருங்குடியில் ஐடி வேலை பார்ப்பவன், இதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா ஆறு நாள் சித்தி? பாண்டாஸ்ல ஆறு வரி" என்றான். லேப்டாப்பில் அதை ஏற்றிக் கொடுத்து, ரசம் சோறு சாப்பிட்டு, "டாக்ஸ் நல்லா இருக்கும், படிச்சுக்கோங்க" என்று கிளம்பிப் போய்விட்டான்.

அந்த டாக்ஸ், அதாவது பாண்டாஸ் கையேடு, எப்படி இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். நாலு வருஷம் தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி மண்ணடியில் இறங்கும்வரை போனில் படித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: பாண்டாஸ் என்பது பைத்தான் மொழிக்கான ஒரு லைப்ரரி. அட்டவணையாக இருக்கும் எதையும் படிக்க, பிரிக்க, கூட்ட, ஒப்பிட உதவும் கருவிப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெஸ் மெக்கின்னி என்பவர் 2008-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எழுத ஆரம்பித்தது. அடுத்த வருஷமே மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். பேர் கரடியிலிருந்து வரவில்லை, பேனல் டேட்டா என்பதிலிருந்து வந்தது. காசு கிடையாது. கையேடும் அப்படியே, இலவசம். அதைத் திருத்தும் உரிமையும் இலவசம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் பக்கத்தில் "பத்து நிமிடத்தில் பாண்டாஸ்" என்று ஒரு பகுதி இருக்கிறது. எனக்குப் பத்து நாள் ஆயிற்று. தொடங்கியதுமே தற்செயல் எண்களைக் கொட்டி ஏ, பி, சி, டி என்று நாலு பத்தி போட்டு ஒரு அட்டவணை. கணக்குக்காரிக்கு முன்னால் தற்செயல் எண்ணை வைத்தால் என்ன செய்வாள்? எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடுவாள். நானும் தேடினேன். எழுதியவர்களுக்கு அந்த எண்கள் முக்கியமில்லை, உருவம்தான் முக்கியம். படிக்கிறவளுக்கு எண் இல்லாமல் உருவம் பிடிபடாது.

தொடக்கப் பாடங்கள் பரவாயில்லை. டைட்டானிக் கப்பலில் போனவர்களின் வயதும் டிக்கெட் விலையும் ஒரு பக்கம், பாரிஸ், ஆண்ட்வெர்ப், லண்டன் நகரங்களின் காற்றில் இருந்த நைட்ரஜன் டைஆக்சைடு அளவு இன்னொரு பக்கம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கேள்வி, ஒரு படம், நாலு வரி நிரல். மனிதர்களும் ஊர்களும் இருப்பதால் மனதில் நிற்கிறது. யார் வடிவமைத்தார்களோ, வாத்தியார் வேலை தெரிந்தவர்கள்.

ஆனால் நான் கையேட்டின் மேல் உண்மையாகவே மையல் கொண்டது வேறொரு பக்கத்தில். எக்செல் போன்ற விரிதாள்களோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். உனக்கு ஏற்கெனவே தெரிந்தது இது, இங்கே அதற்குப் பேர் இது என்று வரிசையாகச் சொல்கிறது. வீலுக்கப்புக்குப் பதில், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் மெர்ஜ். அதோடு விடாமல் மெர்ஜ் ஏன் மேல் என்றும் சொல்கிறது: தேடும் மதிப்பு முதல் பத்தியில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே பில் எண் இரண்டு இடத்தில் இருந்தால் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விழுங்காது, இரண்டையும் காட்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் படித்தபோது ரயில் வண்ணாரப்பேட்டையில் நின்றிருந்தது. எத்தனை மாதம் வீலுக்கப் எனக்கு முதல் பில்லை மட்டும் காட்டி ஏமாற்றியிருக்கும் என்று நினைத்ததில் வயிற்றைக் கலக்கியது.

பிறகு மெர்ஜின் குறிப்புப் பக்கத்தில் ஒரு புதையல். இண்டிகேட்டர் என்று ஒரு விருப்பம். அதைப் போட்டால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இடதில் மட்டும்", "வலதில் மட்டும்", "இரண்டிலும்" என்று ஒரு முத்திரை விழும். எங்கள் புத்தகத்தில் மட்டும், 2பி-யில் மட்டும், இரண்டிலும். என் ஆறு நாள் வேலையே அந்த ஒரு பத்திதான்! அக்கா மகன் சொன்ன ஆறு வரி கடைசியில் பதினொரு வரி ஆயிற்று, போகட்டும். இப்படி ஒன்றை அந்தப் பக்கத்தில் ஹவ், லெஃப்ட் ஆன், ரைட் ஆன், சஃபிக்சஸ் எல்லாம் தாண்டிக் கீழே வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் தோரணம் கட்டித் தொங்கவிட வேண்டிய சங்கதி.

குறிப்புப் பக்கங்கள் எல்லாமே ஒரே அச்சில் இருக்கும். முதலில் விருப்பங்கள், அப்புறம் திரும்பி வருவது என்ன, அப்புறம் "இதையும் பார்க்க", குறிப்புகள், எடுத்துக்காட்டுகள். பழகிவிட்டால் கண் தானே போய் நிற்கும் இடம் தெரிந்துவிடும், பேரேட்டில் பற்று இடது, வரவு வலது மாதிரி. சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பைப் படிக்கும் பக்கத்தில் மட்டும் ஐம்பது விருப்பம் போல இருக்கிறது. மண்ணடி வந்தாலும் முடியாது.

அதில் டீடைப் என்று ஒன்று, பத்தியில் இருப்பது எண்ணா எழுத்தா என்று சொல்ல. எங்கள் சரக்கின் எச்எஸ்என் குறியீடுகளை, அதாவது பில்லில் போடும் சரக்கு வகை எண்களைப் பாருங்கள்: மிளகு, மிளகாய் 0904. கிராம்பு 0907. ஏலக்காய் 0908. மல்லி, சீரகம், சோம்பு 0909. மஞ்சள் 0910. கடை முழுக்கப் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. கோப்பை அப்படியே படிக்கச் சொன்னால் பாண்டாஸ் இவற்றை எண் என்று நினைத்து 904, 907 என்று தலையை வெட்டிவிடும். எக்செல்லும் இதே அட்டூழியம் செய்கிறதுதான். மருந்து கையேட்டில் இருக்கிறது: எழுத்தாகவே படி என்று டீடைப்பில் சொன்னால் போதும். ஆனால் அங்கே எழுதியிருக்கும் வாசகம், "டீடைப்பை அர்த்தப்படுத்தாமல் அப்படியே காப்பாற்ற" என்கிற பாணியில் போகிறது. ஏற்கெனவே விஷயம் தெரிந்தவருக்கு அது போதும். பூஜ்யத்தைத் தொலைத்துவிட்டு வந்தவளுக்கு, "முன்னால் வரும் பூஜ்யம் போய்விடும், கவனம்" என்று ஒரு வரி இருந்தால் போதும், ஒரு சாயங்காலம் மிச்சமாகும்.

தேதிக்கும் இப்படி ஒரு விருப்பம் உண்டு, டேஃபர்ஸ்ட். நாள் முதலில், மாதம் பிறகு என்று சொல்ல. அதை விளக்கும்போது "சர்வதேச, ஐரோப்பிய வடிவம்" என்று போட்டிருக்கிறார்கள். பாரிமுனையில் 03/04 என்று பில் போடுகிற நாங்களும் சர்வதேசம்தான் போல! 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்புக்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். ஒரே பத்தியில் 03/04-ஐ மார்ச் 4 என்றும் 13/04-ஐ ஏப்ரல் 13 என்றும் பிழை சொல்லாமல் படித்துவிடும். இப்போது, எழுத்தைத் தேதியாக மாற்றும் டு_டேட்டைம் முதல் தேதியைப் பார்த்து வடிவத்தை ஊகித்து, அடுத்தது ஒத்துவராவிட்டால் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. நிற்பது நல்லது. இந்த மாற்றத்தை ஏன் செய்தோம் என்று அவர்களே ஒரு முன்மொழிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய தவறை மறைக்காமல் எழுதுகிற இந்தக் குணம் எனக்குப் பிடித்தது. எங்கள் தொழிலில் அடித்தம் திருத்தம் செய்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அது மாதிரி.

இப்போது கிராம்புக்கு வருகிறேன்.

எங்கள் கடையில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஊர்க் குறியீடு உண்டு. எங்கள் முதலாளி அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து வருவது. போடிக்கு பிஓ, விருதுநகருக்கு விஐ, நாகர்கோவிலுக்கு என்ஏ. இரண்டே ஆங்கில எழுத்து. நாகர்கோவிலிலிருந்து வருவது பெரும்பாலும் கிராம்பு. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அண்ணாச்சிக்கு அதன் மேல் தனிப் பிரியம், வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்றைக் கையில் கொடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்வார்.

ஊர்வாரியாக வருஷக் கொள்முதலைக் கூட்டி ஒரு தாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முதல் பாண்டாஸ் அறிக்கை, பெருமையாகத்தான் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பத்து விநாடி பார்த்தார்.

"கிராம்பு எங்கம்மா?"

நாகர்கோவில் என்ற ஊரே தாளில் இல்லை. மொத்தத் தொகையிலும் 4,12,650 ரூபாய் குறைகிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எச்சரிக்கையும் இல்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் வரிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டு சாயங்காலம் தேடினேன். கையேட்டில் இரண்டு பக்கத்தில் இரண்டு வாசகம். சிஎஸ்வி படிக்கும் பக்கத்தில், எந்தெந்தச் சொற்களைக் காலி என்று எடுத்துக்கொள்வோம் என்று ஒரு பட்டியல்: நல் (NULL), நான் (NaN), என்/ஏ (N/A) என்று போகும், நடுவில் என்ஏ (NA). "பொருந்தாது" என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. ஆக நாகர்கோவில் காலி ஆகிவிட்டது. அடுத்து, வரிகளைக் குழுவாகப் பிரித்துக் கூட்டும் குரூப்பை பக்கத்தில், டிராப்என்ஏ என்று ஒரு விருப்பம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், குழு பிரிக்கும் பத்தி காலியாக இருக்கும் வரிகளை விட்டுவிடும். ஆக, காலியான ஊர் கூட்டலிலிருந்தே விழுந்துவிட்டது. இந்த விருப்பமே 2020-இல் வந்த 1.1 பதிப்பில்தான் சேர்ந்தது, அதற்கு முன்னால் தானாகவே விழுந்துகொண்டிருந்தது.

கவனியுங்கள், இரண்டும் கையேட்டில் எழுதியிருக்கிறது. எதையும் ஒளிக்கவில்லை. படிக்காதது என் தப்பு. ஆனால் இரண்டையும் படித்திருந்தாலும் எனக்குத் தட்டியிருக்குமா? முதல் பக்கம் இரண்டாவதைப் பற்றிப் பேசவில்லை. "இதையும் பார்க்க" என்ற இடத்தில் சிஎஸ்வி பக்கம் வேறு விதமான கோப்புகளைப் படிப்பதற்கும் திரும்ப எழுதுவதற்கும் வழி காட்டுகிறது. குரூப்பை பக்கம், காலவாரியாகத் தொகுக்கும் ரீசாம்பிளைக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் தன்னளவில் ஒழுங்கு. கிராம்பு விழுந்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில். அகராதி வரிசையில் எழுதிய எந்தக் கையேட்டுக்கும் இந்தச் சந்து இருக்கும் என்று நினைக்கிறேன். கருவிக்கு ஒரு பக்கம் உண்டு, வேலைக்குப் பக்கம் இல்லை. தட்டு ஒரு அறையில், தராசு ஒரு அறையில் வைத்து இரண்டுக்கும் தனித்தனி ரசீது போட்ட மாதிரி.

திருத்துவதும் ஒரே அடியில் முடியவில்லை. அந்தக் காலிப் பட்டியலைப் பின்பற்றச் சொல்லும் கீப்_டீஃபால்ட்_என்ஏ என்பதை வேண்டாம் என்று வைத்தேன். நாகர்கோவில் வந்துவிட்டது. ஆனால் தொகைப் பத்தியில் நிஜமாகவே காலியாக இருந்த கட்டங்கள் இப்போது வெற்று எழுத்தாகி, அந்தப் பத்தி முழுவதும் எழுத்தாக மாறி, கூட்டல் சரியாக வரவில்லை. அப்போது அதே பக்கத்தில் இருந்த நாலு வாக்கியம் காப்பாற்றியது: இது இருந்து அது இருந்தால் இப்படி, இது இல்லாமல் அது இருந்தால் இப்படி என்று நாலு சேர்க்கையையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். காலிக் கட்டம் மட்டும்தான் காலி என்று, எவை காலி என்று நாமே சொல்லும் என்ஏ_வேல்யூஸில் சொல்லிவிட்டால் முடிந்தது. யாரோ என்னைப் போலவே இடித்துக்கொண்டு வந்து அந்த நாலு வரியை எழுதியிருக்கவேண்டும். இடித்துக்கொள்ளாதவர் கைக்கு அது வராது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பங்களிப்பவர்களுக்கான பகுதியில் அவர்களே சொல்கிறார்கள்: கையேட்டைத் திருத்த நீங்கள் வல்லுநராக இருக்கவேண்டியதில்லை, வல்லுநர்கள் எழுதியதால் மோசமான பகுதிகளும் இதில் உண்டு. புரியாமல் இருந்து புரிந்தபின் நீங்களே அந்த இடத்தைத் திருத்துங்கள் என்கிறார்கள். ஒரு கடைக்காரர் தன் சரக்கைப் பற்றி வாசலில் இப்படி எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. பேச்சோடும் நிறுத்தவில்லை. 2018 மார்ச் 10 அன்று, உலகின் பல ஊர்களில் ஆட்கள் ஒரே நாளில் கூடி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துத் திருத்தியிருக்கிறார்கள். குறிப்புப் பக்கங்கள் அதே அச்சில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க ஒரு நிரலே இருக்கிறது. முற்றுப்புள்ளி விட்டுப்போனால்கூடச் சொல்லிவிடும். எங்கள் தணிக்கையாளர் தோற்றார்.

அப்படியே போய் பாண்டாஸில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதை முழுதாகக் கட்டிப் பார்க்கவே நேரம் பிடிக்கும், ஏனென்றால் பல எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்துத்தான் பக்கங்களை உருவாக்குகிறது. அதனால் சின்னதாக ஒன்றில் பழகினேன். தொகையை எழுத்தால் எழுதித்தரும் ஒரு குட்டி லைப்ரரி, பேர் வேண்டாம். அதன் கையேடு மொத்தமே ஒரு பக்கம். ஒரு லட்சம் கொடுத்தால் "நூறு ஆயிரம்" என்று ஆங்கிலத்தில் எழுதும். அதைப் பில்லில் போட்டால் அண்ணாச்சி என்னையே நூறாயிரமாகப் பார்ப்பார். லட்சம், கோடி கணக்கில் எழுத ஒரு விருப்பம் உள்ளுக்குள் இருந்தது, நிரலைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாலு வரி எழுதி அனுப்பினேன். அதை நடத்துகிறவர் இரண்டு நாளில் பதில் போட்டார். நன்றி, ஆனால் எடுத்துக்காட்டை டாக்டெஸ்ட் வடிவில் எழுதித் தாருங்கள் என்றார். அது என்ன என்று படித்ததில் எனக்கு ஒரு புது ஞானம். பைத்தானில் 2001-லிருந்தே இருக்கிற வசதியாம். கையேட்டில் "இதைக் கொடுத்தால் இது வரும்" என்று எழுதினால், கம்ப்யூட்டர் அதை நிஜமாகவே ஓட்டிப் பார்த்து, சொன்னது வருகிறதா என்று சோதிக்கும். வராவிட்டால் கையேடு பொய் என்று அர்த்தம். ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் சரக்கை நிறுத்துக் காட்டவேண்டும்! மூன்று முறை திருத்தி, இடைவெளி ஒன்று கூடுதலாகி, ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். என் பேர் அங்கே ஒரு ஓரத்தில் இருக்கிறது. அக்கா மகனிடம் காட்டினேன், "சித்தி, எனக்கே இன்னும் ஒண்ணு ஏறலை" என்றான். அன்றைக்கு ரசத்துக்கு ஒரு அப்பளம் கூடுதல்.

சரி, விமர்சனம் என்றால் மதிப்பெண் போடவேண்டுமே. பாண்டாஸ் கையேட்டுக்கு ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று சந்துக்காக. போனில் படிப்பவர்களுக்கு: நிரல் வரிகள் திரையைத் தாண்டிப் பக்கவாட்டில் ஓடும், விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கவேண்டும். எங்கள் கிடங்கு மாதிரி சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் முழுக் கையேட்டையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எக்செல்லிலிருந்து வருகிறவர்கள் பத்து நிமிடப் பக்கத்தைத் தாண்டி நேராக விரிதாள் ஒப்பீட்டுப் பக்கத்துக்குப் போங்கள். அப்புறம் மெர்ஜ். தற்செயல் எண்களை ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்க் குறியீட்டையே மாற்றிவிட்டால் என்ன என்று அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தேன். "கம்ப்யூட்டருக்குப் புரியலேன்னு நாகர்கோவிலு பேர மாத்தவா?" என்று கேட்டுவிட்டுப் போன் பேசப் போய்விட்டார். அதனால் என் நிரல்களில் எல்லாம் அந்த இரண்டு விருப்பமும் முதல் வரியிலேயே நிற்கின்றன. கூட இருக்கும் பெண்ணுக்காக ஒற்றைக்கோடு நோட்டில் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறேன்: பூஜ்யம் பார், தேதி பார், என்ஏ பார்.

குரூப்பை பக்கத்துக்காக ஒரு வாக்கியமும் தயாராக இருக்கிறது. கோப்பில் என்ஏ என்று எழுதியிருந்தால் படிக்கும்போதே காலியாகிவிடும், இங்கே வந்து கூட்டலிலிருந்து விழும், முதலில் அந்தப் பக்கத்தைப் பார் என்று. டாக்டெஸ்டோடு, இரண்டு ஊர், மூன்று வரிக் கணக்கு வைத்து எழுதியிருக்கிறேன். அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே யாராவது பதிந்து வைத்த பிரச்சினை ஒன்றை எடுத்துச் செய்வதாக இருந்தால், நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதன் கீழே "டேக்" என்று ஒரு சொல் எழுதினால் போதும், நம் பேருக்கு வந்துவிடும். நம் பிரச்சினை அங்கே இருக்கிறதா என்று தேடவேண்டும், இல்லாவிட்டால் புதிதாகப் பதியவேண்டும். இன்றைக்குத் தேதி 16. 3பி முடியட்டும், 21-ஆம் தேதி உட்காருகிறேன்.